எழுத வேண்டாம் என்ற ஒரு வரி



எமது சங்கத்தின் மாதர் குழுவினர் நம் வீடுகளில் வழிவழியாக வந்த சமையற் குறிப்புகளைத் திரட்டி ஒரு நூலாக வெளியிட எண்ணியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். மோதகம், வடை, பயற்றம் பணியாரம் ஆகியவற்றுக்குக் குறிப்புக் கேட்டபோது எவரும் தயங்கவில்லை. போறணையில் வேகும் பண்டங்கள் என்ற பகுதிக்கு வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. ஓரிரு வீடுகளில் "அது எங்கட அம்மம்மாவின்ரை, வெளியில குடுக்கிறேல்லை" என்ற பதில் கிடைத்தது. வேறு சிலர் மனமுவந்து எழுதித் தந்தார்கள். ஆனால் அதைப் பார்த்துச் செய்தவர்கள், "எல்லாம் சரி, ஏதோ ஒன்று குறையுது" என்றார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய சின்ன விஷயந்தான். ஆயினும் இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. முன்னோர் கையால் நமக்கு வந்த ஒன்றைப் பிறருக்குக் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்களா? கொடாமல் வைத்திருக்க உரிமை உண்டா? கொடுப்பதுபோலக் கொடுத்து, ஒன்றை மட்டும் மறைப்பது என்ன வகைச் செயல்? அக்காவும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். காரணம், இந்தக் கேள்வியில் எங்களுக்குத் தீர்க்கப்படாத பழைய கடன் ஒன்று இருக்கிறது.

நாங்கள் 1972 இல் பெற்றோருடன் இங்கிலாந்துக்கு வந்தோம். அந்நாட்களில் எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பம் வேறு இல்லை. அடுத்த வீட்டில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணிதான் அம்மாவுக்கு முதற் சிநேகிதி. எந்தக் கடையில் அரிசி மலிவு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியரிடம் போவது என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்தவை. ஒரு நத்தாருக்கு முன் தம் தாயாரின் பழக்கேக் குறிப்பை அம்மாவுக்கு எழுதித் தந்தார். அதில் எதையும் அவர் மறைக்கவில்லை. பழங்களை எத்தனை நாள் ஊறவிடுவது, கேக் தகரத்தின் வெளிப்புறத்தில் மண்ணிறத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டினால் ஓரம் கருகாது என்பது வரை எல்லாம் இருந்தது. அம்மா பிராண்டியை விட்டுவிட்டுத் தேநீரில் பழங்களை ஊறவைத்துச் செய்வார். அதற்கும் அவர் முகஞ்சுளிக்கவில்லை. "நீ செய்வதும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

1978 இல் அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார். அம்மா வருடந்தோறும் செய்யும் லவ் கேக்கின் குறிப்பு. அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும், எழுதக் கூச்சம். எனவே குசினி மேசையில் எங்களை இருத்தி, தாம் தமிழில் சொல்லச் சொல்ல எங்களை ஆங்கிலத்தில் எழுத வைத்தார். அக்காவுக்கு அப்போது 13 வயது, எழுதியவர் அவர். தம்பிக்கு 10 வயது, பள்ளிக்கூட அகராதியில் எழுத்துப் பார்த்துச் சொன்னவர் அவர். ரவை, பட்டர், சீனி, முட்டை மஞ்சட்கரு, கஜு, பூசணித் தோசி, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய் என்று ஒவ்வொன்றாக வந்தது. ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரோடு பிசைந்து, இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தபோது அக்கா பேனையை எடுத்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"அதை எழுத வேண்டாம் பிள்ளை. அது எங்கட வீட்டோடை இருக்கட்டும்."

நாங்கள் எழுதவில்லை. 'ரவையையும் பட்டரையும் சேர்க்கவும்' என்று மட்டும் எழுதி, தாளை மடித்து, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ரவையில் செய்யும் கேக்கைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் விளைவு தெரியும். ரவை கோதுமை மாவைப்போல உடனே ஈரத்தை உறிஞ்சாது. ஊறாத ரவை முட்டையின் ஈரத்தையெல்லாம் போறணைக்குள் இழுத்துக்கொள்ளும். கேக் வறண்டுபோகும், பல்லில் மணல்போல நறநறக்கும். மேற்புறம் பொன்னிறமாய் மொறுமொறுத்து, உள்ளே ஈரமாய் இளகி இருப்பதுதான் லவ் கேக்கின் அழகு. அந்த அழகு நாங்கள் விட்ட ஒரு வரியில் இருந்தது.

அவர் செய்து பார்த்தார். சரிவரவில்லை. "உங்கள் அம்மாவின் கைப்பக்குவம் எனக்கு எங்கே வரும்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதன்பின் அம்மா ஒவ்வொரு மார்கழியிலும் அரைவாசிக் கேக்கை வெட்டி அவருக்கு அனுப்பினார். 2008 வரை ஒரு வருடமும் தவறவில்லை. கேக்கை மனமாரக் கொடுத்த அதே கை, அதைச் செய்யும் வழியை மட்டும் கொடுக்கவில்லை.

அம்மா 2011 இல் காலமானார். அந்தப் பெண்மணி 2015 இல். மறு வருடம் அவர் மகள் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருந்த தாளை எங்களிடம் கொண்டு வந்தார். "இது உங்கள் எழுத்தல்லவா?" என்றார். எங்கள் எழுத்துத்தான். ஓரங்களிலெல்லாம் அவர் தாயார் பென்சிலால் எழுதியிருந்தார். 1979: சூட்டைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 1982: பட்டர் இன்னும் 2 அவுன்ஸ். 1986: முட்டை பெரிதாய்ப் போயிற்றோ? கடைசிக் குறிப்புக்கு வருடம் இல்லை. 'பிழை என்னுடையதுதான்' என்று மட்டும் இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்த நாள்முதல் நாங்கள் பல கோணங்களில் சிந்தித்து வந்திருக்கிறோம். அதையே உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அம்மாவின் பக்கத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் நகையும் கொடுக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் அவற்றின் மீது அவளுக்கு இருந்த அதிகாரம் எவ்வளவு? நம் தேசவழமை 1707 இல், ஒல்லாந்தர் ஆட்சியில், எழுத்தில் தொகுக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் 1911 இல் வந்த சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையும் வீட்டையும்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ கொடுக்கவோ முடியாதென வகுத்தது. எவருடைய கையொப்பமும் இல்லாமல், கொடுக்கவும் மறுக்கவும் அவளுக்கு முழு உரிமை இருந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று அவள் கைவேலையின் இரகசியம். பிறந்த ஊரையும் உறவையும் விட்டு, பேசத் தெரிந்தும் பேசக் கூசும் ஒரு மொழிக்கு நடுவில் வந்து நின்ற பெண்ணுக்கு, "இது எனக்கு மட்டும் தெரியும்" என்பது ஒரு சிறு ஊன்றுகோலாய் இருந்திருக்கலாம். இதை எண்ணும்போது அம்மாவைக் குற்றஞ்சாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. கேக் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு தாயிடம் போய், "உன் குறிப்பை ஊருக்கெல்லாம் கொடு" என்று கேட்பது முறையாகாது. அவளுக்கு அது பிழைப்பு. ஆகவே, வைத்திருப்பதே தவறு என்று எவரும் சொல்ல முடியாது.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? எங்கள் எண்ணத்தில், தவறு அம்மா மறுத்ததில் இல்லை. அவர் மறுக்கவே இல்லை என்பதில்தான் இருக்கிறது. "மன்னிக்க வேணும், இது எங்கள் வீட்டுக் குறிப்பு, வெளியே கொடுப்பதில்லை" என்று சொல்லியிருந்தால் சிநேகிதிக்கு ஒரு கணம் மனத்தாங்கல் வந்திருக்கும். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் கொடுத்ததோ முழுமை என்ற வேடம் போட்ட குறை. மறுப்பவர் தன் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். குறைத்துக் கொடுப்பவர் அதோடு நில்லாமல், வாங்குபவரிடம் இருந்த ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். தன் கைமீது அவருக்கிருந்த நம்பிக்கைதான் அது. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு நல்ல மனிதர், தம்மிடம் இல்லாத பிழையைத் தம்மிடமே தேடிக்கொண்டிருந்தார்.

சிலர் கேட்கலாம்: "பொய் ஒன்றும் சொல்லவில்லையே, ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதுதானே?" வழி கேட்டவருக்குப் பாலம் உடைந்திருப்பதைச் சொல்லாமல், மற்ற எல்லாத் திருப்பங்களையும் சரியாகச் சொன்னவனை நாம் எப்படிக் கருதுவோம்? அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் கேட்டவர் அவனை நம்பித்தான் நடக்கிறார். அந்த நம்பிக்கையே அவரை ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்னும் சிலர் கைப்பக்குவத்தைச் சொல்வார்கள். "எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கை வராது" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வறுத்த ரவையின் மணம் மாறும் கணத்தை எந்தத் தாளிலும் எழுத முடியாது. ஆனால் எழுத முடியாதது இருப்பதால், எழுதக்கூடியதை மறைக்க அனுமதி கிடைத்துவிடாது. எழுதக்கூடியதை மறைத்துவிட்டு, விளைந்த குறையைக் கைப்பக்குவத்தின் கணக்கில் எழுதுவது எளிது. நாங்கள் அந்தப் பெண்மணியோடு சேர்ந்து சிரித்தபோது செய்தது அதுதான்.

அடுத்து, "எங்கட" என்ற சொல்லைப் பார்ப்போம். இந்த லவ் கேக் எங்களுடையது ஆனது எவ்வாறு? இலங்கையில் இது பறங்கியர் வீடுகளோடு சேர்த்து அறியப்பட்ட பண்டம். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தார்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். ஆட்சிகள் போய்விட்டன, சொற்கள் நம் வாயில் நின்றுவிட்டன. போறணை, பாண், குசினி, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சிச் செய்யும் தோசியின் பெயரும் அவர்கள் மொழியில் இனிப்பைக் குறிக்கும் சொல்தான். கஜு மரம் பிறேசிலில் இருந்து அவர்கள் கப்பலில் ஆசியாவுக்கு வந்தது. சாதிக்காய் கிழக்கே பண்டா தீவுகளுக்கு உரியது. கறுவா இலங்கையின் சொந்தப் பொருள். ஒரு துண்டுக் கேக்கில் எத்தனை பேரின் கொடை இருக்கிறது பாருங்கள்.

எங்கள் அம்மம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கொழும்பில் அவர்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் இருந்த பறங்கிப் பெண்மணி என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். அவர் ஒரு வரியையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் எங்கள் வீட்டில் இந்தக் கேக்கே இருந்திராது. அதுமட்டுமல்ல, அம்மா இங்கிலாந்தில் லவ் கேக் செய்தபோதெல்லாம் தகரத்தைச் சுற்றி மண்ணிறத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினார். அது அடுத்த வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த வித்தை. எங்கள் வீட்டோடு இருக்கட்டும் என்று அம்மா காத்த குடும்ப இரகசியத்துக்குள் அந்தச் சிநேகிதியின் தாயாரும் இருந்தார்.

ஆகவே, பரம்பரைச் சொத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் எவரோ ஒருவர் தம் வீட்டுக்கு வெளியே கையை நீட்டியதால் வந்தது. பெற்றதற்கு உரிய மரியாதை, அதைப் பெற்ற விதத்திலேயே கொடுப்பது. ஓலைச்சுவடிகளின் கதை நாம் அறியாததல்ல. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை அச்சில் பதிப்பித்திராவிடின், அதன் ஏடுகள் எத்தனை காலம் செல்லுக்குத் தப்பியிருக்கும்? படியெடுக்கவும் கொடாமல் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்த ஏடுகள் பெட்டியிலேயே மண்ணாய்ப் போயின. சமையற் குறிப்புக்கும் அதே விதிதான். 1929 இல் கொழும்பில் ஹில்டா டியூட்றம் அவர்கள் தொகுத்த 'சிலோன் டெயிலி நியூஸ்' சமையற் புத்தகத்தைப் பல வீடுகளில் இன்றும் மஞ்சளான தாள்களோடு காண்கிறோம். அச்சில் ஏறியது பிழைத்தது. எத்தனையோ பாட்டிமாரின் தலைக்குள் மட்டும் இருந்தது அவர்களோடு போய்விட்டது.

இனி மாற்றத்தைப் பற்றி. நூலுக்குக் குறிப்புத் தந்த இளந்தலைமுறையினர் சிலர் முட்டை இல்லாத லவ் கேக் எழுதியிருக்கிறார்கள். சைவ உணவு மட்டும் உண்ணும் வீட்டில் மணம்முடித்த எங்கள் மகளும் ரின்பாலும் தயிரும் சேர்த்து அவ்வாறே செய்கிறாள். "அம்மம்மாவின் கேக் என்று இதை எப்படிச் சொல்வது?" என்று மூத்தோர் சிலர் கேட்கிறார்கள். இதற்கும் நேர்மையாகப் பதில் தேட வேண்டும்.

அம்மம்மாவின் கேக்கை நாம் எவரும் இன்று அப்படியே செய்வதில்லை. அவர் காலத்தில் மின்சாரப் போறணை இல்லை. கீழும் மேலும் தணல் போட்டு வேகவைத்தார். ஊர்க்கோழி முட்டை இங்கே கடையில் கிடைக்கும் முட்டையைவிடச் சிறியது. ஆகவே அவருடைய 12 முட்டையும் எங்களுடைய 12 முட்டையும் ஒன்றல்ல. ஊரில் ஓலை வீட்டுக்குக் குறித்த காலத்தில் புதிய ஓலை வேய்வார்கள். சில வருடங்களில் பழைய ஓலை ஒன்றுகூட மிஞ்சாது, வீடு அதே வீடுதான். ஆனால் கப்பையும் வளையையும் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் கட்டினால், அதைப் பழைய வீடென்று சொல்ல மாட்டோம். முட்டை இந்தக் கேக்குக்கு ஓலையா, கப்பா? எங்களுக்கு அது கப்பென்றே படுகிறது. மகளுக்கு அவ்வாறு படவில்லை. நாங்கள் இப்போதைக்கு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அவள் தன் குறிப்பின் தலைப்பில் 'அம்மம்மாவின் கேக்கைப் பார்த்து நான் செய்தது, முட்டை இல்லை' என்று எழுதுவாள். மாற்றுவது தவறல்ல. மாற்றியதைச் சொல்லாமல் பழைய பெயரைச் சூட்டுவதுதான் தவறு. மறைத்த வரியும் சொல்லாத மாற்றமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் வாங்குபவரைத் தவறான தாளோடு அனுப்பிவைக்கின்றன.

நூலுக்குக் குறிப்புத் தரும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுக்க விருப்பமில்லையெனில், இல்லை என்றே சொல்லுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. கொடுப்பதெனில், முழுவதையும் கொடுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்பதையும், எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சொல்வதோடு நில்லாமல் எங்கள் கடனையும் இங்கே தீர்க்கிறோம். ரவை 8 அவுன்ஸ், பட்டர் 8 அவுன்ஸ், சீனி 1 இறாத்தல், மஞ்சட்கரு 10, வெள்ளைக்கரு 4, பொடியாக வெட்டிய கஜு 12 அவுன்ஸ், பூசணித் தோசி 6 அவுன்ஸ், தேனும் பன்னீரும் மும்மூன்று மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சம்பழத்தின் துருவிய தோல், ஏலப்பொடி ஒரு தேக்கரண்டி, சாதிக்காயும் கறுவாவும் அரை அரைத் தேக்கரண்டி. ஒரு அவுன்ஸ் 28 கிராம், ஒரு இறாத்தல் 454 கிராம். மஞ்சட்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, ரவையையும் மற்றவற்றையும் கலந்து, வெள்ளைக்கருவைத் தனியே பொங்க அடித்துக் கடைசியில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். 10 அங்குலச் சதுரத் தகரத்தில் தாள் விரித்து ஊற்றி, 150 பாகை செல்சியசில் ஏறக்குறைய ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். தகரத்தைச் சுற்றி மண்ணிறத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். அது அடுத்த வீட்டு அம்மையார் தந்தது.

எல்லாவற்றுக்கும் முதல் நாள் இரவு, ரவையை இளஞ்சூட்டில் மணம் வரும்வரை வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரோடு நன்றாகப் பிசைந்து, மூடி வைக்க வேண்டும். 1978 இல் நாங்கள் எழுதாமல் விட்ட வரி இதுதான்.

2016 இல் இதை அந்த மகளிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின், "அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை எங்களிடம் விட்டுச்செல்லவா என்று கேட்டார். நாங்கள் விடுபட்ட வரியை அதன் அடியில் எழுதி, அவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.